கொச்சியில் மூன்று நாள்: வயதான அப்பா அம்மாவோடு போக யோசனை சொல்லுங்கள்

தறிச்சத்தம் (செல்லூர்), 16 நவம்பர் 2025

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஜனவரி 24, 25, 26 மூன்று நாளும் சேர்ந்தாற்போல் விடுமுறை. குடும்பத்தோடு கொச்சி போகலாம் என்று இருக்கிறோம். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. நான், மனைவி, ஆறாவதும் மூன்றாவதும் படிக்கிற பிள்ளைகள். மொத்தம் ஆறு பேர்.

ஏன் கொச்சி என்று சொல்லிவிடுகிறேன். அப்பா இருபது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டினார். மதுரையிலிருந்து துணி பேல் ஏற்றிக்கொண்டு கொச்சி துறைமுகம் போவார், திரும்பும்போது உர மூட்டை. மாதத்துக்கு இரண்டு மூன்று நடை இருக்கும். ஆனால் அவர் பார்த்த கொச்சி, துறைமுகம் இருக்கிற வில்லிங்டன் தீவில் லாரி வரிசையும் ஒரு டீக்கடையும்தான். "தண்ணிக்குப் பக்கத்துலதான் நிப்போம், ஆனா லோடு இறக்குற வரைக்கும் வண்டிய விட்டு நகர முடியாது" என்று போன வாரம் சாப்பிடும்போது சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அம்மா கேரளாப் பக்கமே போனதில்லை.

என் திட்டம் இது. வெள்ளி காலை கிளம்பி மூணாறில் ஒரு இரவு. சனிக்கிழமை கொச்சி. ஞாயிறு ஆலப்புழா படகு வீடு. திங்கள் குருவாயூர் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது. சரியாக வருமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, படி ஏறுவது சிரமம்.

மேலூர்ப்பாதை (மேலூர்), 16 நவம்பர் 2025

கடல்தான் பார்க்கணும் என்றால் ராமேஸ்வரம் இருக்கே. மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். பாம்பன், தனுஷ்கோடி எல்லாம் பார்க்கலாம். பெரியவர்களை ஏன் அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போக வேண்டும்?

தறிச்சத்தம் (செல்லூர்), 16 நவம்பர் 2025

ராமேஸ்வரம் பல தடவை போயாச்சு அண்ணே. இது அப்பாவுக்காகப் போகிற பயணம். அதனால் கொச்சி மட்டும் மாறாது, மற்றதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம்.

ஏலக்காய்வாசம் (போடி), 17 நவம்பர் 2025

தம்பி, உங்கள் திட்டத்தில் கொச்சிக்கு ஒரே நாள்தான் இருக்கிறது. மீதி எல்லாம் வண்டிக்குள்தான் போகும்.

கணக்கைப் பாருங்கள். மதுரையிலிருந்து தேனி, போடி, மூணாறு, அடிமாலி, கோதமங்கலம் வழியாகக் கொச்சி ஏறத்தாழ 290 கி.மீ. உசிலம்பட்டி வழியாகப் போகிற நம்ம ரோடுதான், அதே தேசிய நெடுஞ்சாலை 85. போடியிலிருந்து போடிமெட்டு ஏறவே 17 கொண்டை ஊசி வளைவு. சின்னப் பிள்ளைகள் இரண்டு வளைவிலேயே வாந்தி எடுக்கும். மூணாறில் ஜனவரி இரவுக் குளிர் முழங்கால் வலிக்கு நல்லதில்லை. ஏலக்காய் வியாபாரத்துக்காக அந்தப் பாதையில் நான் கணக்கில்லாமல் போயிருக்கிறேன். மூணாறு அருமையான ஊர்தான், மறுக்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு தடவை போங்கள்.

இன்னொன்று. அப்பா ஓட்டின காலத்தில் எந்தப் பாதை என்று கேட்டுப் பாருங்கள். கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு, குட்டிக்கானம், முண்டக்கயம், காஞ்சிரப்பள்ளி, கோட்டயம் என்றுதான் இருக்கும். எனக்கு அவர் இடத்தில் இருந்தால் அந்த வழியாகப் போகத்தான் ஆசை வரும்.

தறிச்சத்தம் (செல்லூர்), 17 நவம்பர் 2025

அண்ணே, கேட்டேன். ஊர்ப் பெயர்களை நீங்கள் எழுதின அதே வரிசையில் ஒப்பித்தார். ஆனால் இப்போது சபரிமலை சீசன் தொடங்கிவிட்டதே, குமுளி வழி தாங்குமா?

ஏலக்காய்வாசம் (போடி), 17 நவம்பர் 2025

சீசன் உச்சத்தில் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கூட்டம் அதிகமாகும்போது கம்பத்திலேயே திருப்பிக் கம்பம்மெட்டு வழியாக மேலே அனுப்புவார்கள், திரும்பி வருகிற வண்டிகளைக் குமுளி வழியாக இறக்குவார்கள். மகரவிளக்கு ஜனவரி 14. அதற்கப்புறம் ஒரு வாரத்தில் பாதை காலியாகிவிடும். நீங்கள் கிளம்புவது 23 என்றால் கவலையே இல்லை.

காக்கநாடு மதுரைப்பொண்ணு (கொச்சி), 18 நவம்பர் 2025

அண்ணா, நான் பிறந்தது வளர்ந்தது ஆரப்பாளையம். வேலைக்காகக் கொச்சிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள், சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில், எங்கே தங்குவது. நம்ம ஊர்க்காரர்கள் எர்ணாகுளத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ரூம் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் தினமும் டிராபிக்கில் பாலம் தாண்டிப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு, திரும்ப அதே டிராபிக்கில் வருகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மூன்று இரவும் கடலோரப் பழைய பகுதியான போர்ட் கொச்சியில் தங்குங்கள். ஓடு வேய்ந்த பழைய வீடுகளில் அறை வாடகைக்கு விடுகிறார்கள், வீட்டுக்காரர்களே காலையில் ஆப்பமோ புட்டோ செய்து கொடுப்பார்கள். தரைத்தளம் வேண்டும் என்று போனில் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அந்த வீடுகளில் மரப்படி ரொம்பச் செங்குத்தாக இருக்கும். தெருவெல்லாம் சமதளம், பெரிய பெரிய மழைமரங்கள். அம்மா மெதுவாக நடந்தே கடற்கரை போய்விடலாம்.

இரண்டாவது, கிழமை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பக்கத்திலேயே இருக்கிற யூதர் வழிபாட்டு இல்லம் சனிக்கிழமை மூடியிருக்கும், வெள்ளிக்கிழமையையும் நம்ப முடியாது. திருப்பூணித்துறை ஹில் பேலஸ் திங்கட்கிழமை கிடையாது. உங்கள் மூன்று நாளுக்கு ஒரே வழிதான்: மட்டாஞ்சேரியை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்களைப் பார்க்க மாடி ஏற வேண்டும். கைப்பிடி பிடித்து மெதுவாக ஏறினால் அம்மாவால் முடியும் என்று நினைக்கிறேன். முடியாவிட்டாலும் வற்புறுத்த வேண்டாம், கீழே யூதத் தெருவில் உட்கார இடம் இருக்கிறது.

மூன்றாவது, படகு. வாட்டர் மெட்ரோ கட்டாயம் ஏறுங்கள். 2023 ஏப்ரலில் தொடங்கினார்கள், இந்தியாவிலேயே முதலாவது. படகுகள் இங்கேயே கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் செய்தவை, மின்சாரத்தில் ஓடுபவை, ஏசி உண்டு. ஏறுகிற மேடை தண்ணீரிலேயே மிதக்கும். அலை ஏறினாலும் இறங்கினாலும் படகும் மேடையும் ஒரே மட்டத்தில் இருக்கும். சக்கர நாற்காலியே ஏற்றலாம். எர்ணாகுளம் பக்கம் இருக்கிற ஹைகோர்ட் முனையத்துக்குப் போர்ட் கொச்சியிலிருந்தும் மட்டாஞ்சேரியிலிருந்தும் ஓடுகிறது. அரசுப் படகுகளும் உண்டு, கட்டணம் சில்லறைக் காசுதான், ஆனால் ஏறும்போது கால் எடுத்து வைக்கணும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், அம்மாவுக்கு வேண்டாம்.

போர்ட் கொச்சி கடலில் குளிக்க முடியாது. பாறை, கப்பல் போகிற வாய்க்கால், மழைக்காலம் முடிந்து ஒதுங்கும் ஆகாயத்தாமரை. அங்கே சீன வலையைப் பார்க்கலாம், மாலையில் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். நமக்கெல்லாம் ராமேஸ்வரம், தூத்துக்குடியில் சூரியன் உதிப்பதைப் பார்த்துத்தானே பழக்கம்? மேற்குக் கடற்கரையில் அது தலைகீழ். முதல் தடவை பார்த்தபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். குளிக்க வேண்டும் என்றால் செறாய் கடற்கரை. போர்ட் கொச்சியிலிருந்து வண்டியையும் ஆளையும் சேர்த்து ஏற்றும் ஜங்காரில் வைப்பின் தீவுக்குப் போய், அங்கிருந்து வடக்கே இருபது கிலோமீட்டருக்கு மேல் போகணும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல்.

ஆலப்புழா படகு வீட்டை விட்டுவிடுங்கள் அண்ணா. 55 கி.மீ. போய்ப் படகில் ஏறி இறங்கித் திரும்புவதற்குள் ஒரு நாள் முழுசும் தீர்ந்துவிடும்.

தறிச்சத்தம் (செல்லூர்), 18 நவம்பர் 2025

ரொம்ப நன்றிம்மா. கிழமை விஷயம் தெரியாமல் போயிருந்தால் சனிக்கிழமை மட்டாஞ்சேரியில் பூட்டின கதவைப் பார்த்துவிட்டு வந்திருப்போம். மூணாறும் ஆலப்புழாவும் எடுத்தாச்சு. குருவாயூர் மட்டும் அம்மாவுக்கு ஆசை. என்ன செய்வது?

காக்கநாடு மதுரைப்பொண்ணு (கொச்சி), 18 நவம்பர் 2025

குருவாயூர் போக வர ஐந்து மணி நேரமாவது ஆகும், அப்புறம் விடுமுறை நாள் வரிசை. ஆண்கள் வேட்டி கட்டி, சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகணும். அதற்குப் பதிலாகச் சோற்றானிக்கரை பகவதியைக் காட்டுங்கள். நகரத்துக்குப் பக்கத்தில்தான். காலையில் வெண்பட்டில் சரஸ்வதி, மதியம் சிவப்பில் பத்ரகாளி, மாலையில் நீலத்தில் துர்க்கை என்று அம்மனைக் கும்பிடுகிறார்கள். எங்கள் பாட்டி, "மீனாட்சியை விட்டால் எனக்கு இவள்தான்" என்று சொல்லிவிட்டாள்.

கூடல் ரயில்நேசன் (கூடல்நகர்), 19 நவம்பர் 2025

திரும்பி வருவதற்கு ரயிலைப் பிடியுங்கள். குருவாயூர் - மதுரை எக்ஸ்பிரஸ், வண்டி எண் 16328. எர்ணாகுளம் டவுனில் காலையில் ஏறினால் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு மதுரை. கோட்டயம், கொல்லம், புனலூர், தென்மலை, செங்கோட்டை, ராஜபாளையம், விருதுநகர் வழி. சுற்றுதான், மறுக்கவில்லை. ஆனால் புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையில் மலைப்பாதை முழுவதையும் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம். 1904-இல் போட்ட பாதை. பதின்மூன்று கண் பாலம், குகைகள். அகலப்பாதையாக மாற்றி 2018-இல்தான் திரும்பத் திறந்தார்கள். போகும்போது இதே ரயிலில் போனால் எர்ணாகுளம் சேர நள்ளிரவு நெருங்கிவிடும், பெரியவர்களுக்கு அது வேண்டாம்.

முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான். ஜனவரி 26 பயணத்துக்கு நவம்பர் 27 காலை 8 மணிக்குத் திறக்கும். அப்பா அம்மா இருவருக்கும் தனி டிக்கெட்டாக, மூத்த குடிமக்கள் கோட்டாவில் போடுங்கள், கீழ்ப் படுக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்தச் சலுகை வேலை செய்யாது. கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலிருந்தே கிடையாது.

எர்ணாகுளத்தில் இரண்டு நிலையம். டவுன் என்பதை உள்ளூரில் நார்த் என்பார்கள், ஜங்ஷனை சவுத் என்பார்கள். ஆட்டோக்காரரிடம் நார்த் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பசுமலை டீச்சர் (பசுமலை), 20 நவம்பர் 2025

தம்பி, பிள்ளைகளுக்குப் போகும் வழியில் சொல்ல ஒரு கதை தருகிறேன். ஓய்வு பெற்றாலும் வகுப்பு எடுக்கும் ஆசை போகவில்லை.

குமுளி தாண்டியதும் வண்டிப்பெரியாற்றில் ஒரு பாலம் வரும். அதன் கீழே ஓடுவது பெரியாறு. அந்த ஆற்றைத்தான் பென்னிகுவிக் அணை கட்டி மறித்து, 1895 முதல் மலையைக் குடைந்து நம் வைகைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். நாம் குடிக்கிற தண்ணீர். அதே பெரியாறு மேற்கே ஓடிக் கொச்சிக்கு வடக்கே கடலில் சேர்கிறது. 1341-இல் அதில் வந்த பெருவெள்ளம் சேரர்களின் பழைய முசிறித் துறைமுகத்தை மணலால் தூர்த்துவிட்டு, கொச்சியில் புதிய கழிமுகத்தைத் திறந்துவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். நமக்குச் சோறு போடும் ஆறுதான் கொச்சிக்குத் துறைமுகமும் கொடுத்தது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போன முசிறி அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் வருகிறது, அதே பாட்டில் கூடலுக்கு மேற்கே இருக்கும் நம் பரங்குன்றமும் வருகிறது. பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்பாவுக்கும் ஒன்று. அவர் லாரி நிறுத்திய வில்லிங்டன் தீவு மனிதர் செய்த தீவு. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920-இல் வந்து, கழிமுகத்தில் குறுக்கே கிடந்த மணல்மேட்டை வெட்டிக் கப்பல் வர வழி செய்தார். 1928-இல் பத்மா என்ற கப்பல் உள்ளே வந்தது. தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி உருவாக்கியதுதான் தீவு. 2011-இல் வல்லார்பாடம் முனையம் வந்தபின் சரக்குப் பெட்டக (கன்டெய்னர்) கப்பல்கள் அங்கே போய்விட்டன.

புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடத்தைக் காட்டுங்கள். 1524-இல் கொச்சியில்தான் இறந்தார். எலும்புகளைப் பின்னால் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள், கல் மட்டும் இருக்கிறது. கடைசியாக, 'வெளி' என்ற பெயருள்ள மைதானத்துப் பக்கம் தோபி கானா (சலவைக் கூடம்) என்று கேளுங்கள். டச்சுக்காரர்கள் தங்கள் சீருடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் கையால் துவைக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள். போய் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.

தறிச்சத்தம் (செல்லூர்), 27 நவம்பர் 2025

டிக்கெட் கிடைத்துவிட்டது. அப்பா அம்மா இருவருக்கும் கீழ்ப் படுக்கை. போகும்போது மச்சான் வண்டியில் குமுளி வழி. அவர் எங்களை இறக்கிவிட்டு அங்கமாலியில் இருக்கும் அவர் தங்கை வீட்டுக்குப் போகிறார். அப்பாவிடம் இன்றுதான் சொன்னோம். ஒன்றும் பேசவில்லை. சாயந்திரம் பார்த்தால் பழைய லைசென்ஸைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தறிச்சத்தம் (செல்லூர்), 29 ஜனவரி 2026

போய்விட்டு வந்துவிட்டோம். இழையில் எழுதின எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

வெள்ளி விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினோம். அப்பா முன் சீட். குட்டிக்கானம் இறக்கத்தில் எந்த வளைவில் யாருடைய வண்டி கவிழ்ந்தது, எந்த ஊற்றில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வண்டிப்பெரியாற்றுப் பாலத்தில் நிறுத்தி டீச்சர் அம்மா சொன்ன கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மூன்றாவது படிக்கிறவள் "அப்போ இந்தத் தண்ணி நம்ம வீட்டுக் குழாய்க்கு வருமா?" என்று கேட்டாள். முண்டக்கயத்தில் அப்பா சாப்பிடுகிற கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கு உதவும். கடல் தெரியும் என்று சொல்லிப் பணம் வாங்கின அறையில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். தரைத்தளம் என்றதும் பொய், ஏழு படி. எந்த இடம் என்று எழுதவில்லை. முன்பணம் கொடுக்கும் முன் ஜன்னலிலிருந்தும் வாசலிலிருந்தும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுநாள் காலை இரண்டு தெரு தள்ளி ஒரு அம்மாவின் வீட்டுக்கு மாறினோம், அங்கே வாசல்படி ஒன்றே ஒன்று. புட்டும் கடலைக் கறியும் என் மனைவி செய்முறை எழுதி வாங்கி வந்திருக்கிறாள்.

சனிக்கிழமை சீன வலை. கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அந்தப் பாரத்தை வைத்தே அவ்வளவு பெரிய வலையைத் தூக்குகிறார்கள். வலைக்காரர்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கயிறு இழுக்க விட்டார்கள், அதற்குப் பணம் எதிர்பார்ப்பார்கள், கொடுத்தோம். மீன் மூன்றுதான் விழுந்தது. மதியம் தோபி கானா. அரிசிக் கஞ்சி போட்டு, முறுக்கின கயிற்றுக்குள் துணியின் நுனியைச் செருகிக் காயப்போடுகிறார்கள், கிளிப்பே இல்லை. தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவோடு அம்மா ஒரு மணி நேரம் பேசினார். பாதி தமிழ், பாதி மலையாளம். மொத்தப் பயணத்திலும் அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் மனசில் நிற்கிறது என்கிறார். செறாய் போகவில்லை, நேரம் இல்லை, வருத்தமும் இல்லை. மாலையில் கதகளி. ஆட்டத்துக்கு முன்னாலேயே போனதால் முகத்துக்குப் பச்சை தீட்டுவதைப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

ஞாயிறு காலை சோற்றானிக்கரை, வெண்பட்டு தரிசனம். அப்புறம் மட்டாஞ்சேரி. அம்மா மாடி ஏறிவிட்டார். யூதத் தெருவின் மிளகு, சுக்கு வாசத்தில் போடி அண்ணனை நினைத்துக்கொண்டோம். டிசம்பர் 12 முதல் மார்ச் 31 வரை பினாலே கலைக் கண்காட்சி நடப்பதால் பழைய கிடங்குகளிலெல்லாம் ஓவியமும் சிற்பமும். அப்பா அதைவிடக் கிடங்கின் மரக் கதவுகளைத்தான் தட்டித் தட்டிப் பார்த்தார்.

நாலரை மணிக்கு மட்டாஞ்சேரியிலிருந்து வாட்டர் மெட்ரோ. வில்லிங்டன் தீவுக் கரை பக்கத்தில் தெரிந்ததும் அப்பா எழுந்து கண்ணாடி ஓரம் போய்விட்டார். "அந்த ஷெட்டுக்குப் பின்னாலதான் நிப்போம். இந்தத் தண்ணிதான் அதுக்கு முன்னாடி இருந்திருக்கு" என்றார். ஹைகோர்ட்டில் இறங்கினோம். "இன்னொரு தடவை போவோமா?" என்று கேட்டார். திரும்ப டிக்கெட் எடுத்து அதே படகில் ஏறினோம்.

மேலூர்ப்பாதை (மேலூர்), 29 ஜனவரி 2026

தம்பி, நான் ராமேஸ்வரம் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நல்ல காரியம் செய்தீர்கள். என் அத்தை ரயில்வேயில் வேலை பார்த்தவர், இப்போது 78 வயது. மே மாதம், அழகர் ஆற்றில் இறங்கி முடிந்ததும் கூட்டிப் போகலாமா?

காக்கநாடு மதுரைப்பொண்ணு (கொச்சி), 30 ஜனவரி 2026

மே மாதம் வேண்டாம் அண்ணா. மதுரை வெயிலாவது காய்ந்த வெயில், இங்கே வேர்த்து ஊற்றும், சாயந்திரம் இடி மழை வேறு. ஜூன் பிறந்தால் பருவமழை, அப்புறம் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து விசைப்படகுகளுக்கு 52 நாள் தடை, மீன் விலையும் ஏறிவிடும். பிப்ரவரி கடைசிக்குள் வந்துவிடுங்கள். கிழமை பார்த்துக் கிளம்புங்கள். அத்தை வருகிற தேதியை எனக்கு எழுதுங்கள், படகுத்துறைக்கு நான் வருகிறேன்.